57 கிலோவும் ஆறு நிமிடமும்: ஒரு ஃப்ரீஸ்டைல் மல்யுத்த வீரரின் வாழ்க்கையைப் படிப்பது எப்படி?

'ரவி குமார் தஹியா, ஆடவர் ஃப்ரீஸ்டைல் 57 கிலோ. டோக்கியோ ஒலிம்பிக் வெள்ளி, 2019 உலக சாம்பியன்ஷிப் வெண்கலம், மூன்று முறை ஆசிய சாம்பியன்.'

மல்யுத்த வீரரைப் பற்றிய செய்தியில் இப்படி இரண்டு வரி இருக்கும். ஒரு பேட்டரின் சராசரியைப் பார்த்தவுடன் ஆளைக் கணித்துவிடும் நமக்கு, இதில் பாதி வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது. 57 கிலோ என்பது அவருடைய எடையா? வெண்கலம் வாங்கியவர் எத்தனை ஆட்டம் தோற்றார்? 2022 வரை ஆசிய சாம்பியனாக இருந்தவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் எந்த நாட்டு மல்யுத்த வீரரின் வாழ்க்கையையும் படித்துவிடலாம். 'மேட்' எனப்படும் மெத்தை விரிப்பில் நடக்கும் ஆறு நிமிடத்தைத்தான் நாம் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். தராசும், ஆட்ட அட்டவணையும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திறந்து மூடும் ஒலிம்பிக் தகுதிக் கதவும் நம் கண்ணில் படுவதில்லை. ரவியின் வாழ்க்கையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஆறு நிமிடத்தில் என்ன நடக்கிறது

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இரண்டு பாணிகள். கிரேக்கோ-ரோமனில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலால் தட்டிவிடவும் கூடாது. ஃப்ரீஸ்டைலில் காலைப் பிடிக்கலாம், காலாலும் மடக்கலாம். பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் மட்டும்தான். ஒலிம்பிக்கில் அது 2004 ஏதென்ஸில் தொடங்கியது.

மூன்று நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவே 30 நொடி இடைவேளை. களம் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம். அதன் ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆரஞ்சு நிற வளையம் இருக்கும். கால் அதில் பட்டால் எல்லை நெருங்கிவிட்டது என்று பொருள். ஒருவர் சிவப்பு உடையிலும் மற்றவர் நீல உடையிலும் இறங்குவார்கள்.

எதிராளியின் இரு தோள்பட்டைகளையும் ஒரே நேரத்தில் மேட்டில் அழுத்தி ஒரு கணம் நிறுத்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இதற்கு 'ஃபால்' என்று பெயர். எத்தனை புள்ளி பின்தங்கியிருந்தாலும் ஃபால் செய்தவருக்கே வெற்றி. அது நடக்காதபோதுதான் புள்ளிக் கணக்கு. நிற்பவரைக் கீழே கொண்டுவந்து, பின்பக்கம் போய் அடக்கிவிட்டால் 2 புள்ளி, இதுதான் 'டேக்டவுன்'. கீழே கிடப்பவரின் முதுகை மேட்டைப் பார்க்கத் திருப்பினால் மேலும் 2. அடியில் இருந்தவர் புரண்டு மேலே வந்துவிட்டால் அவருக்கு 1. எதிராளியின் கால் வட்டத்துக்கு வெளியே போய்விட்டாலும் 1. நின்ற நிலையிலிருந்து தூக்கி நேரே முதுகு படும்படி போட்டால் 4, பெரிய வளைவில் உயரத் தூக்கி எறிந்தால் 5. வித்தியாசம் 10 ஆனதும் நடுவர் ஆட்டத்தை முடித்துவிடுவார்.

இந்த எண்களை மனப்பாடம் செய்வதைவிட 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி டோக்கியோவில் நடந்த 57 கிலோ அரையிறுதியை ஒருமுறை பார்ப்பது மேல். ரவிக்கு எதிரே கஜகஸ்தானின் நூரிஸ்லாம் சனாயெவ். முதல் சுற்று முடிவில் ரவி 2-1 முன்னிலை. இரண்டாவது சுற்றில் சனாயெவ் ஒரு டேக்டவுன் எடுத்தார். எடுத்த கையோடு ரவியின் இரண்டு கணுக்கால்களையும் பின்னிப் பிடித்துக்கொண்டு உருளத் தொடங்கினார். வட இந்திய அகாராக்களில், அதாவது மல்யுத்தப் பயிற்சிக் கூடங்களில், இதைப் 'பீதலே' என்பார்கள். இந்தப் பிடியின் கொடுமை என்னவென்றால், கால்கள் ஒருமுறை பூட்டிக்கொண்டால் ஒவ்வொரு உருளலுக்கும் 2 புள்ளி போய்க்கொண்டே இருக்கும். சில நொடிகளில் 2-9. வித்தியாசம் 7. இன்னும் இரண்டு உருளல் விழுந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்த இடத்தில் ரவி உடம்பைத் தட்டையாக்கி, கால்களை விரித்து, பூட்டை உடைத்தார். பிறகு சிறிது சிறிதாக இடைவெளியைக் குறைத்தார். கடைசி நிமிடத்தில் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துச் சாய்த்து, சனாயெவின் தோள்களை மேட்டில் அழுத்தினார். புள்ளிப் பலகையில் சனாயெவ் இன்னும் முன்னிலை. ஆனால் ஃபால் விழுந்துவிட்டதால் இறுதிப் போட்டிக்குப் போனவர் ரவி.

புள்ளி சமமாக முடிந்தால்? கூடுதல் நேரம் கிடையாது. யார் ஒரே பிடியில் அதிக மதிப்புள்ள புள்ளியை எடுத்தாரோ அவர் வெல்வார். அதுவும் சமமென்றால் எச்சரிக்கை குறைவாக வாங்கியவர், அதன்பின் கடைசியாகப் புள்ளி எடுத்தவர். 2019 உலக சாம்பியன்ஷிப் அரையிறுதியில் பஜ்ரங் பூனியா 9-9 என்று சமன் செய்தும் தௌலத் நியாஸ்பெகோவிடம் தோற்றது இந்த விதியால்தான். நியாஸ்பெகோவின் கணக்கில் ஒரு 4 புள்ளிப் பிடி இருந்தது.

முன்னேறாமல் ஒதுங்கி நிற்பவருக்கும் தண்டனை உண்டு. முதலில் எச்சரிக்கை. பிறகு 30 நொடி கெடு. அதற்குள் அவர் புள்ளி எடுக்காவிட்டால் எதிராளிக்கு 1 புள்ளி. இதையே தந்திரமாக்க முடியும் என்று காட்டியவர் வினேஷ் போகாட். பாரிஸில் முதல் ஆட்டத்தில் அவருக்கு எதிரே ஜப்பானின் யூய் சுசாகி. அதுவரை சர்வதேச அரங்கில் வேற்று நாட்டு வீராங்கனை எவரிடமும் சுசாகி தோற்றதில்லை. வினேஷ் தற்காப்பிலேயே நின்று இரண்டு கெடுவைக் கடக்கவிட்டு 0-2 பின்தங்கினார். சுசாகி காலைப் பிடிக்க வாய்ப்பே தரவில்லை. முடிய சில நொடிகள் இருக்கும்போது ஒரே டேக்டவுன், 2-2. சுசாகியின் இரண்டும் தனித்தனி 1 புள்ளிகள், வினேஷுடையது ஒரே பிடியில் 2. எனவே சமநிலையிலேயே அவர் வெற்றியாளர். ஜப்பான் பயிற்சியாளர் வீடியோ மறுஆய்வு கேட்டார். அது ஏற்கப்படாதபோது எதிராளிக்கு 1 புள்ளி சேரும். 3-2. ஒரு ஆட்டத்தில் விதிப் புத்தகத்தின் பாதி அடங்கிவிட்டது.

காலைப் பிடிப்பது

ஃப்ரீஸ்டைலின் உயிர் ஒற்றைக்கால் பிடி. பார்க்க எளிது, செய்யக் கடினம். புதிதாகக் கற்பவர் எதில் தவறுகிறார் என்று தெரிந்துகொண்டால் ஆட்டம் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

முதலில் உயரத்தைக் குறைக்க வேண்டும். முழங்காலை மடக்கிக் குறைக்க வேண்டும், இடுப்பை வளைத்து அல்ல. அடுத்து ஒரு காலை எதிராளியின் இரு பாதங்களுக்கு நடுவே ஆழமாக வைத்து உள்ளே நுழைய வேண்டும். தலை அவருடைய விலா ஓரம், உள்பக்கமாக, நிமிர்ந்து இருக்க வேண்டும். இரண்டு கைகளும் அவருடைய முழங்காலுக்குப் பின்னே பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பிடித்த காலை மார்போடு சேர்த்து, பின்னோக்கி வட்டமாக நகர்ந்தபடி தோளால் தொடையைக் கீழே அழுத்தினால் எதிராளி உட்கார்ந்துவிடுவார்.

இடுப்பை வளைத்து நுழைந்தால் தலை தாழும். எதிராளி கழுத்தைப் பிடித்து முகத்தை மேட்டில் அழுத்துவார். காலை எடுத்துவைக்காமல் கையை மட்டும் நீட்டினால் அவர் இரு கால்களையும் பின்னுக்கு எறிந்து முழு எடையையும் முதுகில் போடுவார். இதற்கு 'ஸ்ப்ரால்' என்று பெயர். அதிலிருந்து அவர் சுற்றி வந்து பின்னால் போனால், தாக்கப் போனவரே 2 புள்ளியை இழப்பார். தலை வெளிப்பக்கம் போனால் தூக்கி எறியப்படும் ஆபத்து. ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்பச் செய்த பிறகே இந்த நான்கு அசைவும் ஒரே அசைவாக மாறுகின்றன. அதனால்தான் பெரும்பாலான சர்வதேச வீரர்கள் பத்து, பன்னிரண்டு வயதிலேயே தொடங்கியிருப்பார்கள்.

ரவி பிறந்தது 1997 டிசம்பரில், ஹரியாணாவின் சோனிபத் மாவட்டத்தில் உள்ள நாஹ்ரி கிராமத்தில். பத்து வயதில் டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் தங்கிப் பயிலச் சேர்ந்தார். சுஷில் குமார், யோகேஷ்வர் தத் ஆகிய ஒலிம்பிக் பதக்க வீரர்கள் வளர்ந்த இடம் அது. குத்தகை நிலத்தில் விவசாயம் செய்த அப்பா, கிராமத்திலிருந்து பாலும் பழமும் சுமந்துகொண்டு மகனைத் தேடி ஆண்டுக்கணக்கில் டெல்லிக்கு வந்துபோனார். மல்யுத்தத்தில் சாப்பாடும் பயிற்சியின் ஒரு பகுதி. ஒரு நாளைக்கு இரண்டு வேளை பயிற்சி செய்து வளரும் பையனுக்குப் பால், நெய், பாதாம் எல்லாம் ஒரு குடும்பத்தின் வருமானத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடும். திறமை இருந்தும் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் மனதை உறுத்தும் உண்மை.

மண் குஷ்தியில் வளர்ந்தவர்கள் மேட்டுக்கு வரும்போது பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மண்ணில் எதிராளியின் முதுகைச் சாய்த்தால்தான் வெற்றி. பொறுமையும் பிடிபலமும் போதும். மேட்டில் ஒவ்வொரு நொடியும் புள்ளி. தாழ்ந்த நிலையில் நிற்க வேண்டும், வேகமாக நகர வேண்டும். ஷூ மேட்டைக் கவ்விப் பிடிப்பதால் உடம்பு திரும்பியும் பாதம் திரும்பாமல் போகும். முழங்கால் கிழிவது பெரும்பாலும் அப்படித்தான்.

வயதுப் படிகள் பள்ளி வகுப்புகள் மாதிரி: 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர், 23 வயதுக்குட்பட்டோர், அதன்பின் சீனியர். ஒவ்வொன்றுக்கும் தனி உலகப் போட்டி உண்டு. ரவி 2015-இல் ஜூனியர் உலகப் போட்டியில் 55 கிலோவில் வெள்ளி, 2018-இல் 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 57 கிலோவில் வெள்ளி வென்றார். இடையிலே 2017-இல் காயம். இந்த வரிசையைப் பார்த்தவுடன் தேர்ந்த கண் ஒன்றைக் கவனிக்கும்: மூன்று ஆண்டில் வளர்ந்தது இரண்டு கிலோ எடைப் பிரிவுதான். வளரும் வயதில் அந்த இரண்டு கிலோவுக்குள் உடம்பை வைத்திருந்ததற்குப் பின்னால் எவ்வளவு கட்டுப்பாடு இருக்கும் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

தராசு

57 கிலோ ரவியின் எடை அல்ல. ஆட்ட நாள் காலையில், தராசு ஏறும் அந்த ஒரு கணத்தில் தாண்டக் கூடாத எல்லை அது.

ஒலிம்பிக்கில் ஆண்கள் ஃப்ரீஸ்டைலுக்கு ஆறு பிரிவுகள்: 57, 65, 74, 86, 97, 125 கிலோ. பாரிஸ் வரை பெண்களுக்கு 50, 53, 57, 62, 68, 76. உலக சாம்பியன்ஷிப்பில் இடையே மேலும் நான்கு பிரிவுகள் சேர்ந்து பத்தாகும். ஆண்களுக்கு 61, 70, 79, 92. ஒரு வீரரின் குறிப்பில் '61 கிலோ உலக சாம்பியன்' என்று இருந்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, ஒலிம்பிக்குக்கு இவர் எந்தப் பக்கம் போவார் என்பது. ஒன்று நான்கு கிலோ இறங்க வேண்டும், அல்லது தன்னைவிடப் பெரியவர்களோடு 65-இல் மோத வேண்டும். ஜப்பானின் ரெய் ஹிகுச்சி 2022-இல் 61 கிலோ உலக சாம்பியன். பாரிஸுக்காக 57-க்கு இறங்கித் தங்கம் வென்றார். இதே ஹிகுச்சி 2021 ஆசியத் தகுதிப் போட்டியில் வெறும் 50 கிராம் கூடுதலாக இருந்ததால் தராசிலேயே வெளியேறி, சொந்த நாட்டு ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர்.

57 கிலோவில் ஆடுகிறவர் சாதாரண நாட்களில் மூன்று, நான்கு கிலோ கூடுதலாக இருப்பது வழக்கம். போட்டிக்குச் சில வாரம் முன்பு கொழுப்பைக் குறைப்பார். கடைசி வாரத்தில் உப்பும் மாவுச்சத்தும் குறையும், ஏனென்றால் இரண்டுமே உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைப்பவை. வயிற்றில் கனம் தங்காமல் இருக்க நார்ச்சத்தும் குறையும். கடைசி ஒரு நாளில் தண்ணீரே குறையும். தடித்த உடை போட்டு ஓடுவது, சாவ்னா எனப்படும் நீராவி அறை, வெந்நீர்க் குளியல் என்று வியர்வையால் மீதியை இறக்குவார்கள். ஒரு லிட்டர் வியர்வை ஒரு கிலோ.

இதில் ஒரு எல்லை உண்டு. தண்ணீர் வற்ற வற்ற இரத்தம் கெட்டிப்படும், இதயம் வேகமாக அடிக்கும், ஒரு கட்டத்தில் வியர்வையே நின்றுவிடும். அதற்குப் பிறகும் சாவ்னாவில் உட்கார்ந்தால் உடல் வெப்பம் ஏறுமே தவிர எடை இறங்காது. 1997 இறுதியில் அமெரிக்காவில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். அதன்பின் அங்கே கல்லூரி மல்யுத்த விதிகளே மாறின. சிறுநீர் பெருக்கும் மாத்திரையால் எடை குறைப்பது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் வரும் குற்றம். வளரும் பிள்ளைகளுக்கு இந்த முறை எதையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அவர்கள் இயல்பான எடைக்கு ஏற்ற பிரிவில் ஆடட்டும்.

முன்பெல்லாம் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவார்கள். ஓர் இரவு முழுக்கத் தண்ணீர் குடித்துத் தேறிவிடலாம். 2018 முதல் ஒரு பிரிவின் ஆட்டங்கள் இரண்டு நாளாகப் பிரிந்தன. இரண்டு நாளும் காலையில் எடை பார்க்கிறார்கள். அளவுக்கு மீறிய எடைக் குறைப்பைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் முதல் நாள் மூன்று ஆட்டம் ஆடியவர் சாப்பிட்டு, குடித்து, மறுநாள் காலையில் மறுபடியும் அதே எண்ணுக்கு வர வேண்டும். சாதாரண சர்வதேசப் போட்டிகளில் 2 கிலோ சலுகை உண்டு. உலக சாம்பியன்ஷிப்பிலும் ஒலிம்பிக்கிலும் ஒரு கிராம்கூடச் சலுகை இல்லை.

வினேஷுக்கு நடந்தது இதுதான். 2024 பாரிஸில் ஆகஸ்ட் 6-ஆம் தேதி சுசாகியையும், பிறகு உக்ரைன், கியூபா வீராங்கனைகளையும் வென்று 50 கிலோ இறுதிக்கு வந்தார். இரவு முழுவதும் தூங்காமல் உழைத்தார், முடியைக்கூட வெட்டினார்கள். காலையில் தராசு 100 கிராம் கூடுதலாகக் காட்டியது. விதிப்படி அவர் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டு, தரவரிசை இல்லாமல் கடைசியில் வைக்கப்பட்டார். அரையிறுதியில் அவரிடம் தோற்ற கியூபாவின் யூஸ்னெய்லிஸ் குஸ்மான் இறுதியில் ஆடினார். தங்கம் அமெரிக்காவின் சாரா ஹில்டபிராண்டுக்கு. விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் வினேஷின் முறையீடும் ஏற்கப்படவில்லை. முதல் நாள் எடை சரியாக இருந்தபோது வென்ற மூன்று ஆட்டத்தையும் இரண்டாம் நாள் 100 கிராம் அழித்துவிடுவது நியாயமான விதியாகத் தெரியவில்லை. ஆனால் ஆடுகிற எல்லாருக்கும் அந்த விதி முன்கூட்டியே தெரியும் என்பதும் உண்மை.

அடுத்த இரண்டு நாளில் அதே இந்திய அணியின் அமன் செஹ்ராவத் 57 கிலோ அரையிறுதியில் ஹிகுச்சியிடம் தோற்றபின் தராசு ஏறினால் 61.5 கிலோ. வெண்கலப் போட்டிக்கு மறுநாள் காலை 57 வேண்டும். மேட்டில் ஒன்றரை மணி நேரப் பயிற்சி, வெந்நீர்க் குளியல், டிரெட்மில், இடைவெளி விட்டு ஐந்தைந்து நிமிடமாகச் சாவ்னா. பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறங்கி 56.9. அன்று 13-5 என வென்று, 21 வயதில், தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் வென்ற மிக இளைய இந்தியரானார். இவரே 2025 ஜாக்ரெப் உலக சாம்பியன்ஷிப்பில் 1.7 கிலோ கூடுதலாக இருந்ததால் ஒரு ஆட்டமும் ஆடாமல் திரும்பினார். ஒருமுறை நடந்த அதிசயத்தைத் திட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தோற்றவருக்கும் வழி: ரெப்பசேஜ்

ஒலிம்பிக்கில் ஒரு பிரிவுக்குப் பதினாறு பேர். மூன்று சுற்றில் இருவர் இறுதிக்கு வருவார்கள். இறுதிக்கு வந்த இருவரிடமும் வழியில் யார் யார் தோற்றார்களோ, அவர்களுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு. முதல் சுற்றில் தோற்றவரும் காலிறுதியில் தோற்றவரும் மோதுவார்கள்; வென்றவர் அரையிறுதியில் தோற்றவருடன் வெண்கலத்துக்கு ஆடுவார். இரண்டு பக்கமும் இப்படி நடப்பதால் வெண்கலம் இரண்டு.

டோக்கியோவில் அமெரிக்காவின் தாமஸ் கில்மன் முதல் ஆட்டத்திலேயே ரஷ்யாவின் சாவுர் உகுயெவிடம் 4-5 எனத் தோற்றார். உகுயெவ் இறுதிக்குப் போனதால் கில்மனுக்குக் கதவு திறந்தது, வெண்கலத்தோடு போனார். ரவியிடம் ஃபால் ஆன சனாயெவுக்கு இன்னொரு வெண்கலம். இறுதியில் ரவி உகுயெவிடம் 4-7 எனத் தோற்று வெள்ளி வென்றார். 2019 உலக அரையிறுதியிலும் அவரைத் தோற்கடித்தது இதே உகுயெவ்தான், 4-6.

நமக்கு ரெப்பசேஜ் ஒரு பழைய நண்பன். 2008 பெய்ஜிங்கில் சுஷில் குமார் முதல் ஆட்டத்தில் உக்ரைனின் ஆண்ட்ரி ஸ்டாட்னிக்கிடம் தோற்றார். ஸ்டாட்னிக் இறுதிக்குப் போக, சுஷில் அடுத்தடுத்து மூன்று பேரை வென்று வெண்கலம் எடுத்தார். 1952 ஹெல்சிங்கியில் காஷாபா ஜாதவ் வென்ற வெண்கலத்துக்குப் பிறகு மல்யுத்தத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2016 ரியோவில் சாக்‌ஷி மாலிக் காலிறுதியில் தோற்று, இதே வழியில் வந்து, வெண்கலப் போட்டியில் 0-5 பின்தங்கி 8-5 என முடித்தார்.

கதவு திறக்காமலும் போகும். 2022 உலக சாம்பியன்ஷிப்பில் ரவி உஸ்பெகிஸ்தானின் குலோம்ஜோன் அப்துல்லாயெவிடம் 0-10 எனத் தோற்றார். அப்துல்லாயெவ் இறுதிக்குப் போகவில்லை. ரவியின் போட்டி அன்றே முடிந்தது. அதே ஆண்டில் உலான்பாட்டரில் ஆசியத் தங்கமும் பர்மிங்காமில் காமன்வெல்த் தங்கமும் வென்றவர் அவர். எனவே ஒரு வீரரின் குறிப்பில் பதக்கம் இல்லாத ஆண்டைப் பார்த்தால், யாரிடம் தோற்றார், அவர் எதுவரை போனார் என்று தேடிப் பாருங்கள்.

உடம்பு கொடுக்கும் விலை

மல்யுத்த வீரரைக் காதை வைத்தே அடையாளம் காணலாம். தொடர்ந்து உரசும்போது காதுக் குருத்தெலும்புக்கும் தோலுக்கும் நடுவே இரத்தம் தேங்கும். உடனே மருத்துவரிடம் போய் அதை வெளியேற்றி அழுத்திக் கட்டாவிட்டால், அது இறுகிக் காலிஃபிளவர் மாதிரி ஆகிவிடும். காதுக்கவசம் போட்டுப் பழகுவது பிள்ளைகளுக்கு நல்லது. மேட்டைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும். படர்தாமரையும் கொப்புள நோய்களும் ஒருவரிடமிருந்து ஒரே வாரத்தில் அகாரா முழுக்கப் பரவும். எடை பார்க்கும் முன் மருத்துவர் தோலையும் நகத்தையும் பார்ப்பது இதனால்தான்.

முழங்கால்தான் பெரிய எதிரி. ரியோ காலிறுதியில் வினேஷ் ஸ்ட்ரெச்சரில் வெளியேறியதும் முழங்காலால். 2023 பிப்ரவரியில் ரவியின் வலது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. இப்படியொரு காயத்திலிருந்து மீள மாதங்கள் ஆகும். உடம்பு தேறினாலும், எதிராளி காலைப் பிடித்து முறுக்கும்போது அந்த முழங்காலை நம்பி நிற்கும் மனம் தேற இன்னும் நாளாகும்.

இடம் நாட்டுக்கு, ஆளுக்கு அல்ல

ஒலிம்பிக்கில் ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான். பதினாறு இடங்கள் எப்படி நிரம்புகின்றன என்று பார்த்தால் ஒரு வீரரின் நான்கு ஆண்டுத் திட்டம் தெரியும். பாரிஸுக்கு, முந்தைய ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் முதல் ஐந்து இடங்களுக்கு ஐந்து கோட்டா, அதாவது ஒலிம்பிக் இடம். நான்கு கண்டத் தகுதிப் போட்டிகளில் தலா இரண்டு வீதம் எட்டு. கடைசியாக உலகத் தகுதிப் போட்டியில் மூன்று. டோக்கியோவுக்கு உலகப் போட்டியில் முதல் ஆறு பேருக்குக் கிடைத்தது. 2019 நூர்-சுல்தான் உலகப் போட்டியில் 2017-இன் உலக சாம்பியன் யூகி தகாஹாஷியைக் காலிறுதியில் ரவி வென்றபோதே டோக்கியோ இடம் உறுதியானது. அந்தப் பிரிவில் பிறகு வென்ற வெண்கலத்தைவிட அந்தக் காலிறுதிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய ஆட்டம்.

ஆனால் கோட்டா நாட்டின் பெயரில் வருகிறது. அதை வென்றவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. யார் போவது என்பதைத் தேசியக் கூட்டமைப்பு முடிவுசெய்யும். வினேஷ் 53-லிருந்து 50-க்கு இறங்கியதன் பின்னணியும் இதுதான். 2023 உலகப் போட்டியில் அந்திம் பங்கால் 53 கிலோவுக்கு இந்தியாவின் கோட்டாவை எடுத்துவிட்டார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வந்த வினேஷ் வேறு எடையைத் தேட வேண்டியிருந்தது. 100 கிராம் கதையின் வேர் அங்கே இருக்கிறது.

ஆடவர் 57 கிலோவில் 2024 மார்ச் வரை இந்தியாவுக்குக் கோட்டா இல்லை. ஆசியத் தகுதிப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்று சோனிபத்தில் தேர்வுப் போட்டி நடந்தது. முழங்கால் தேறி வந்த ரவி, சத்ரசாலில் தன்னைப் பார்த்து வளர்ந்த அமனுடன் மோதி 13-14 எனத் தோற்றார். பிறகு உதித் என்பவரிடம் 8-10. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து வித்தியாசம் மூன்றே புள்ளி. அமன் மே மாதம் இஸ்தான்புல்லில் கடைசித் தகுதிப் போட்டியில் இடம் பிடித்து, மூன்று மாதம் கழித்து பாரிஸில் 61.5 கிலோவோடு அந்த இரவுத் தராசின் முன் நின்றார்.